முதல் வருஷத்துச் சாம்பார்

"இனிமே இந்த ஊட்டுக்குள்ள கடைக்காய் நுழையக் கூடாது!"

பிரகடனம் செய்கிறவர்கள் எழுந்து நின்று, எதையாவது தட்டி, குரலை உயர்த்திச் செய்வார்கள். ஸ்டீவனுக்கு அந்த வசதி இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்தால் முழங்கால் கத்தும். வலது கையில் சோறு. சாம்பார் மணிக்கட்டைத் தாண்டி முழங்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை நக்குவதா, பிரகடனத்தைத் தொடர்வதா என்று ஒரு நிமிஷம் திண்டாடி, நக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"கத்திரிக்கா, வெண்டக்கா, தக்காளி, முருங்க, எல்லாம் இனிமே நம்ம மாடியிலதான்."

மேரி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"யாரு வெளைய வெக்கிறது?"

"நாம."

"நாமன்னா?"

"நான்தான்."

"அப்போ சரி. எனக்கு எதனா வேல வெச்சிடுவீங்களோன்னு பாத்தேன்."

ஸ்டீவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவர். வெளியே போகிற ஒவ்வொரு குழாயையும் உருட்டி, தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே நெளிவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. குறை இருந்தால் சிவப்பு அட்டை கட்டித் தனியே ஒதுக்கிவிடுவார். அதற்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. வீட்டில் யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் ஓவர்டைம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதிலும் சாம்பார் விஷயத்தில் மகா கறார்.

"நல்லாத்தான் கீது மேரி. ஆனா..."

இந்த "ஆனா"வுக்கு மகள் பிரின்சியின் வயசு. பிரின்சி கல்யாணமாகித் திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிவிட்டாள். "ஆனா" மட்டும் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை.

"ஆனா, அந்த மொத வருஷம் வெச்ச பாரு, அந்தச் சாம்பார்! அது வேற."

அந்த முதல் வருஷம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஸ்டீவனுக்கு முகமே மாறிப்போகும். அப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரு ரூம். ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு கண்ணாடி. மதியச் சைரன் ஊதினதும் ஸ்டீவன் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கம்பெனி முன் கேட்டுக்கு ஓடுவார். கேட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் மூன்று அடுக்குக் கேரியரோடு மேரி நிற்பாள். தலையில் கனகாம்பரம். ஊதா நிறத்தில் ஒரு நைலக்ஸ் புடவை. வேர் மேல் உட்கார்ந்து அவர் மூடியைத் திறப்பார். கம்பெனி ஆசிட் நெடி, ரோட்டுப் புழுதி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அந்தச் சாம்பார் வாசனை எழும்பும். கூடூர் போகிற ரயில் சத்தம் கேட்கும். ஸ்டீவன் சாப்பிடுவார். கடைசியில் மூடியையும் வழித்து நக்குவார்.

"இதுல இன்னாதான் போடுற மேரி?" என்பார். மேரி தலையைக் குனிந்துகொண்டு முந்தானையை முறுக்குவாள். அந்த வெட்கத்தைப் பார்க்க ஸ்டீவனுக்கு இரண்டு கண் போதாது. சிப்காட்டிலேயே தன்னைப் போலக் கொடுத்துவைத்தவன் இல்லை என்று அப்போது நினைத்தார். 

பிரின்சி பிறந்தாள். கைக்குழந்தையோடு கேட்டுக்கு நடக்க முடியாது என்று மேரி காலையிலேயே டப்பா கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கே ஸ்டீவனுக்குத் தெரிந்துபோயிற்று. சாம்பார் சாம்பார்தான். ஆனால் அது இல்லை. பிள்ளை பெற்ற அசதி என்று விட்டார். அசதி போயிற்று, ருசி வரவில்லை. புளி சரியில்லை என்றார். புளி மாறியது, ருசி வரவில்லை. இப்படியே காலம் ஓடி, ரிட்டையரும் ஆகி, மாலையும் மரியாதையும் வாங்கிக்கொண்டு வீட்டில் வந்து உட்கார்ந்து யோசித்ததில் ஸ்டீவனுக்கு உண்மை புலப்பட்டது.

"கை அதே கை. ஆளு அதே ஆளு. அப்போ மாறினது இன்னா? காய்! அன்னிக்குக் காயில மருந்து இல்ல, மண்ணு இல்ல..."

"மண்ணு இல்லாம எப்டிங்க காய்க்கும்?"

"கெட்ட மண்ணு இல்லன்னு சொன்னேன். குறுக்க பேசாத. நல்ல காய வெளைய வெச்சிட்டா அந்த ருசி தன்னால வந்துடும்."

மேரி எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அந்த வாயில் ஒரு அப்பளத் துண்டைப் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் கேன்டீன் கதையைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டீவன் கம்பெனி கேன்டீனில்தான் சாப்பிட்டார். அப்போது அங்கே ஊற்றிய சாம்பாரில் ஸ்பேனர் கழுவலாம். கல்யாணமான மறுநாளே, இனி கேன்டீன் சோறு தொடுவதில்லை என்று சபதம் எடுத்தார். ரிட்டையர் ஆகும் வரை தொடவில்லை. தொடாதவரைக் கேன்டீன் கமிட்டியில் போட்டதுதான் வேடிக்கை. கூட வேலை செய்தவர்கள், "ஸ்டீவா, இப்போ புது சமையல்காரம்மா வந்துக்குது, சாம்பார் சூப்பரா கீதுடா" என்று சொல்லிப் பார்த்தார்கள். ஸ்டீவன் கேட்கவில்லை. ஒருநாள் மேரி கொண்டுவந்த கேரியரை நேராகக் கேன்டீனுக்குள் எடுத்துப் போய், காண்ட்ராக்டர் கையில் ஒரு கரண்டி ஊற்றினார்.

"துன்னு பாரு. இதான்யா சாம்பார்!"

காண்ட்ராக்டர் நக்கிப் பார்த்தார். கூரையைப் பார்த்து யோசித்தார். "நல்லாக்குதுப்பா. எங்கியோ துன்ன மாரி கீது" என்றார். ஸ்டீவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பின்னால் கரண்டியோடு நின்ற அந்தப் புதுச் சமையல்காரியைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் ருசி பாத்துக் கத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் பேர் சின்னப்பொண்ணு. லைன் வீட்டில் இவர்களுக்குப் பக்கத்து ரூம்தான். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவமானம் தாங்காமல் அழப் போகிறாள் என்று ஸ்டீவனுக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

சரி, மாடிக்கு வருவோம்.

அடுத்த வீட்டு ஹபிபுல்லா பாய் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பூர்வீகம் பழவேற்காடு. மேரிக்கும் அதே ஊர் என்பதால் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஐஸ் மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகளைச் சொந்தக்காரர் கடையிலிருந்து வாங்கித் தந்தது அவர்தான். ஸ்டீவன் அதில் மண்ணைக் கொட்டி, கத்திரி நட்டார். பழைய டிரம்மில் முருங்கை. பெயின்ட் பக்கெட்டில் தக்காளி. குழாய்க் கம்பெனியில் கற்றதை விடுவாரா? ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர். காலையில் ஒரு தரம் இன்ஸ்பெக்‌ஷன், மாலையில் ஒரு தரம். பூச்சி அரித்த இலைக்குச் சிவப்பு அட்டை. கொஞ்ச நாளில் மாடி முழுக்கச் சிவப்பு அட்டையாகத் தொங்கியது. கீழே ரோட்டில் போனவர்கள் எந்தக் கட்சி என்று விசாரித்தார்கள்.

அதற்குள் வீட்டில் கடைக்காய் தடை அமலுக்கு வந்துவிட்டது. கத்திரி பூக்கவில்லை, தக்காளி காய்க்கவில்லை. கீரை மட்டும்தான் முளைத்தது. காலையில் கீரை அடை. மதியம் கீரைக் கூட்டு. ராத்திரி மிச்சக் கீரை.

"இன்னாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. சொம்மா கேக்குறேன். ஆடுங்கூட நடுவுல எதனா வேற மேயுமில்ல?"

"பொறு மேரி. இயற்கைக்கு அவசரம் தெரியாது."

"பசிக்குத் தெரியுதே."

இயற்கையைக் கொஞ்சம் தள்ளிவிடலாம் என்று ஸ்டீவன் மீன் அமிலம் போட்டார். மீன் கழிவும் வெல்லமும் சேர்த்து மூடி ஊற வைத்துச் செடிக்கு ஊற்றுவது. நல்ல உரம்தான். நன்றாக ஊறிய பிறகு நாற்றமும் அடங்கிவிடும். ஊறும் வரை பொறுக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்குத் திறந்து பார்க்காமல் இருக்க முடியுமா? திறந்தார். பக்கத்துக் கொடியில் மேரியின் கோயில் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மேரி உட்கார்ந்த பெஞ்சு, சாமியார் முன்னுரையை முடிப்பதற்குள்ளேயே காலியாயிற்று. வீட்டுக்கு வந்தால் தெருப் பூனைகள் அத்தனையும் மாடிப்படியில் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

"பழவேற்காட்ல மீன நாங்க துன்னுவோம். நீங்க கத்திரிக்காச் செடிக்கு ஆக்கிப் போடுறீங்க. கட்னவளுக்குக் கீர!"

"ஒரு மாசம் போவட்டும், நீயே சொல்லுவ."

சொன்னபடியே கத்திரி காய்த்தது. அதைப் பொய் சொல்லக் கூடாது. கரு நீலத்தில், பளபளவென்று, கையில் எடுத்தால் கனமாக. ஸ்டீவன் முதல் காயை உருட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். சிவப்பு அட்டைக்கு வேலையே இல்லை. சந்தோஷத்தில் ஹபிபுல்லா பாயைக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.

"மாஷா அல்லாஹ்! கொழந்த மாரி கீதுண்ணே" என்றார் பாய்.

அன்றைக்கே சாம்பார். மேரி வைத்தாள். ஸ்டீவன் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தார். தூங்குமூஞ்சி மரம் வர வேண்டும். கூடூர் ரயில் வர வேண்டும். வந்தது பெருங்காய ஏப்பம்தான்.

"நல்லாத்தான் கீது. ஆனா..."

மேரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி!" என்றார் ஸ்டீவன். "அன்னிக்கு லைன் ஊட்டுக் கெணத்துத் தண்ணி. இன்னிக்குக் கேன் தண்ணி." லைன் வீட்டுக் கிணற்றை மூடி அதன்மேல் லாரி ஷெட் கட்டி வெகு காலமாயிற்று. பொன்னேரியில் ஒருவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து, ரயிலில் பாதியைச் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து சேர்த்தார். சாம்பார் வந்தது. ருசி வரவில்லை.

"பருப்பு!" என்றார் அடுத்தபடி. "துவரையும் நாமே போடணும். மாடி பூரா போட்டாத்தான் ஒரு படியாச்சும் தேறும். அந்தக் கொடியக் கழட்டிடு."

"துணி?"

"உள்ள காய வை."

"நான் நெத்திலி காய வெக்கிற எடம்?"

"அதுவும் உள்ளதான்."

மேரி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதோடு விட்டிருந்தால் ஸ்டீவன் பிழைத்திருப்பார். தட்டில் இருந்த சாம்பாரில் விரலால் கோலம் போட்டபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"துவரையும் சரியா இருந்து அப்பவும் வரலன்னா... ஒருவேள கையிதான் மாறிப் போச்சோ, இன்னாவோ."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மேரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க. உங்களுக்கு அந்தச் சாம்பார்தான வேணும்?"

"ஆமா."

"வர ஞாயித்துக்கெழம வரும்."

"எப்டி?"

"எப்டின்னு கேக்காதீங்க. வந்துட்டா?"

ஸ்டீவன் தட்டைத் தள்ளி வைத்தார். "மேரி, அந்த ருசி மட்டும் வந்துட்டா, அதுவே போதும் எனக்கு. சாவுற வரிக்கும் வேற எதுவும் கேக்க மாட்டேன். துவர வேணாம், ஒண்ணும் வேணாம். மாடி பூரா நீயே எடுத்துக்கோ."

"மாதா மேல?"

"மாதா மேல சத்தியம்."

மேரி ஜன்னல் பக்கம் திரும்பி, "பாய் அண்ணே! கேட்டுக்கினீங்களா?" என்றாள்.

"கேட்டுக்கினேன் தங்கச்சி!" என்று அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. இவ்வளவு நேரம் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஸ்டீவனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டீவனே பறித்த கத்திரிக்காய் ஒரு கூடை. மேரி அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். "பூச முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிரின்சியக் கூட்டிக்கினு வாங்க. அடுப்பாண்ட யாரும் வரக் கூடாது."

மகளோடு திரும்பி வந்து தெரு முனையிலேயே ஸ்டீவன் நின்றுவிட்டார். வாசனை. முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே வாசனை.

உட்கார்ந்தார்கள். பிரின்சி ஒரு பக்கம், ஹபிபுல்லா பாய் ஒரு பக்கம். மேரி சோற்றில் குழி பண்ணி ஊற்றினாள். ஸ்டீவன் பிசைந்து ஒரு கவளம் வைத்தார்.

சைரன் ஊதியது. மரம் வந்தது. கூடூர் ரயில் வந்தது. ஊதாப் புடவையின் முந்தானை காற்றில் ஆடியது. ஸ்டீவன் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவர் துடைக்கவே இல்லை.

"அப்பா, இன்னா ஆச்சிப்பா?"

"வந்துடுச்சிம்மா. வந்துடுச்சி!"

அழுதபடியே சாப்பிட்டார். சாப்பிட்டபடியே பேசினார். "நான் சொன்னேன்ல? கை மாறல, காய்தான் மாறிச்சின்னு! மருந்து போடாத காயி. கையால வெளைய வெச்ச காயி. பிரின்சி, உன் ஃபிளாட் பால்கனியிலயும் ரெண்டு பெட்டி வெச்சித் தரேன். பாய், உங்க மாடி சொம்மாத்தான கீது?"

பாய் ஒரு வாய் சாப்பிட்டார். நெற்றியைச் சுருக்கினார். "அல்லா, இது நம்ம பருப்பாச்சே! நான் வியாழக்கெழம கேன்டீ..."

"அண்ணே, அப்பளம்!" என்று மேரி இரண்டு அப்பளத்தை ஒன்றாக அவர் தட்டில் வைத்தாள். பாய் அப்பளத்தை நொறுக்கினார். 

ஸ்டீவன் கவனிக்கவில்லை. எழுந்து நின்று பேச வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழவும் செய்தார். "நம்மளுக்கு வேண்டியதை நாமே வெளைய வெச்சிக்கினா..." என்று ஆரம்பித்தபோது வாசலில் குரல் கேட்டது.

"மேரி! தூக்குச்சட்டியக் குடுடி. சாயங்கால டீக்கு வேணும்."

நீலச் சேலை. நரைத்த தலையில் கேன்டீன் தொப்பி. சின்னப்பொண்ணு உள்ளே வந்து, தட்டைப் பார்த்து, நின்றுகொண்டிருந்த ஸ்டீவனைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"இன்னாண்ணா, நல்லாக்குதா? அந்தக் காலத்துல மரத்தடியில ஒக்காந்து தெனம் துன்னியே, அதே மாரி கீதா? அன்னிக்குக் கத்துக்கச் சொன்னியே, கத்துக்கினேன் பாத்தியா?"

ஸ்டீவன் வாயில் இருந்த சோறு கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. ஹபிபுல்லா பாய் அப்பளம் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெனமா?" என்றார் ஸ்டீவன்.

மேரி கழுவி வைத்த எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து சின்னப்பொண்ணு கையில் கொடுத்தாள். பிறகு புருஷனுக்கு எதிரில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"பழவேற்காட்ல பொறந்தவளுக்குச் சாம்பார் எங்க தெரியும்? மீன் கொழம்பு வைய்யின்னா தூக்கத்துல வெப்பேன். நீங்க வந்ததும் வராததுமா சாம்பார்னீங்க. கல்யாணமாகி மொத தபா வெச்சனே, ஞாபகம் கீதா?"

"இல்லியே."

"எப்டி இருக்கும்? ரசம்னு நெனச்சிக் குடிச்சிட்டீங்க."

பிரின்சி முகத்தைத் தாவணியில்லாத குறைக்குக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.

"மறுநாளு சைரன் ஊதப் போற நேரம். பருப்பு வேவல. காலிக் கேரியர வெச்சிக்கினு கம்பெனி பின் கேட்டாண்ட நின்னு அழுதுக்கினு இருந்தேன். இவதான் பாத்துட்டு ஊத்திக் குடுத்தா. நான் சுத்திக்கினு முன் கேட்டுக்கு வந்தேன். நீங்க துன்னுட்டுக் கண்ணு கலங்கிட்டீங்க. 'இன்னாதான் போடுற மேரி'ன்னீங்க. அப்பால எப்டிச் சொல்றது? ஒரு நாளு போவட்டும், சொல்லிடலாம்னு பாத்தேன். ஒரு வருஷம் ஓடிச்சி. பிரின்சி பொறந்தப்புறம் நானே கத்துக்கினு வெச்சேன். அன்னிலேர்ந்து 'ஆனா', 'ஆனா'ன்னு..."

மேரியின் குரல் லேசாக உடைந்தது. சரிசெய்துகொண்டாள்.

"ஊர்ல அவளவளுக்கு உசுரோட சக்களத்தி. எனக்கு ஒரு சாம்பார் சக்களத்தி! அதுக்கு எம்பேரையே வெச்சி எங்கிட்டயே புகழ்ந்துக்கினு இருந்தீங்க. நான் வெச்சத, என் கையால வெச்சத, முப்பது வருஷத்துல ஒரு நாளு, 'ஆனா' இல்லாம நல்லாக்குதுன்னு சொல்லிக்கிறீங்களா?"

ஸ்டீவன் மெல்ல உட்கார்ந்தார். சொன்ன ஞாபகம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை. எத்தனையோ குழாயைப் பாஸ் பண்ணி அனுப்பியவர். வீட்டில் ஒரு கரண்டியைக்கூடப் பாஸ் பண்ணியதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்போ என் கத்திரிக்கா?" என்றார், கேட்க வேறு எதுவும் கிடைக்காமல்.

மேரி அடுப்பிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு. அவள் காய வைத்த கருவாடு, அவர் விளைய வைத்த காய். பிரின்சியும் பாயும் தட்டை நீட்டினார்கள். சின்னப்பொண்ணுவும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிரின்சி ஒரு துண்டு கத்திரிக்காயைப் பிட்டு அப்பா வாயில் வைத்தாள்.

காய் வெண்ணெயாகக் கரைந்தது. புளிப்பும் காரமும் மாறி மாறி நாக்கைத் தொட்டன. ஸ்டீவன் மனசுக்குள் மரமும் வரவில்லை, ரயிலும் வரவில்லை. எதிரில் மேரிதான் உட்கார்ந்திருந்தாள்.

"மேரி... நல்லாக்குது."

எல்லோரும் காத்திருந்தார்கள். "ஆனா" வரவில்லை.

மேரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று ஸ்டீவன் தைரியமாகத் தட்டை நீட்டினார். "எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்து."

மேரி சட்டியை மூடினாள்.

"சத்தியம் இன்னா ஆச்சி? அந்த ருசி வந்துட்டா வேற எதுவும் கேக்க மாட்டேன்னு மாதா மேல பண்ணீங்க. பாய் அண்ணே?"

"காதால கேட்டேன் தங்கச்சி" என்றார் பாய், குழம்பை உறிஞ்சியபடி.

"சின்னப்பொண்ணு, நாளையிலேர்ந்து இவருக்குக் கேரியர் நீ ஊத்திக் குடுத்துடு."

"பின் கேட்டாண்ட வந்து நில்லுண்ணா" என்றாள் சின்னப்பொண்ணு. "சைரனுக்கு முன்ன வந்துடு. அப்பால கும்பலாப் போயிடும்."

திங்கட்கிழமை மதியம் ஸ்டீவன் கம்பெனிப் பின் கேட்டில் மூன்று அடுக்குக் கேரியரோடு நின்றார். பழைய சகாக்கள் பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டார். முந்தானை இல்லாததால் சட்டை நுனியை முறுக்கினார். சின்னப்பொண்ணு ஊற்றிக் கொடுத்தாள். கால் தானாகவே சுற்றிக்கொண்டு அவரை முன் கேட்டுக்கு இழுத்துப் போயிற்று. தூங்குமூஞ்சி மரம் அங்கேயேதான் இருந்தது, இன்னும் பருத்து. வேர் மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். அதே வாசனை. ஒரு வாய் வைத்தார். அதே ருசிதான். இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் என்னவோ குறைந்தது. எதிரில் நின்று பார்க்க ஆள் இல்லை.

நிமிர்ந்தார். ரோட்டைத் தாண்டிக் குடை பிடித்துக்கொண்டு மேரி வந்துகொண்டிருந்தாள். ஊதாப் புடவை இல்லை, கனகாம்பரமும் இல்லை. நடை மட்டும் அதே நடை. 

"வந்துட்டியா மேரி!"

"தள்ளி ஒக்காருங்க. அந்த ஒரு வருஷம் பூரா சொமந்துக்கினு வந்தேன். ஒரு தபா கூட துன்னு பாத்ததில்ல. எல்லாத்தையும் நீங்கதான் மூடியோட நக்கிடுவீங்களே."

கேரியரை வாங்கி மடியில் வைத்தாள். ஒரு விரலை விட்டு வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மரத்தைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், இன்னொரு தரம் நக்கிப் பார்த்தாள். ஸ்டீவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

மேரி மூடியை மூடினாள்.

"இதுக்காய்யா முப்பது வருஷம் என் உசுர வாங்கின?"